பக்கத்துப் பலகைக்காரர்கள்

மிஸஸ் லாவ் தன் அப்பாவைத் தேடிக்கொண்டு வந்த செவ்வாய்க்கிழமை காலை வரைக்கும், என் வாழ்க்கையில் உருப்படியாக ஒரு காரியம் செய்து முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

மெல்பர்னில் லிட்டில் பர்க் தெருவுக்குப் பின்சந்தில் இருந்தது அந்தச் சங்கம். சீனாவின் தெற்கே ஒரே மாவட்டத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் நடத்துவது. கீழே கூட்ட அறையும் ஒரு சின்ன அலுவலகமும். மேலே நினைவுக் கூடம். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கப் படிப்படியாகத் தட்டுகள். தட்டுகளில் உள்ளங்கை அகலத்துக்கு மரப் பலகைகள், ஒவ்வொன்றிலும் செத்துப்போன ஒரு ஆளின் பெயர். தங்கம் தோண்ட வந்தவன், முட்டைக்கோஸ் போட்டவன், நாற்காலி செய்தவன், துணி வெளுத்தவன், நாட்டுப்புற ஹோட்டலில் சமைத்தவன். நூற்று இருபது வருஷத்துக் கூலிக்காரர்கள், ஆயிரத்து நூற்று எழுபத்தாறு பேர். எண்ணியது நான்தான். பலகையில் பெயரைத் தவிர வேறொன்றும் கிடையாது. ஊர் இல்லை, தேதி இல்லை, எண் இல்லை.

கூரை ஒழுகிச் சுவர் பூஞ்சை பிடித்திருந்தது. அதைச் சரிசெய்து, பழைய கட்டடங்களுக்கான அரசாங்கப் பட்டியலில் சேர்க்கச் சங்கம் விண்ணப்பித்திருந்தது. உள்ளே இருப்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பட்டியல் வேண்டும் என்றார்கள். அந்த வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டவள் சியூ லான்.

சியூ லானும் நானும் மலேசியாவில், கெடாவில், ஒரே ரப்பர் தோட்டம். அவள் அப்பா தோட்டத்து மளிகைக்கடை முதலாளி, தவுக்கே என்பார்கள். என் அப்பா பால்மரம் வெட்டுகிறவர். கூலிகளின் வரிசைவீடுகளான லயத்தில் பிள்ளைகளோடு புரண்டு வளர்ந்ததில் அவள் தமிழ் என் தமிழைவிடச் சுத்தமாக இருக்கும், கெட்ட வார்த்தை உட்பட. இங்கே அவள் நர்ஸ். நான் லயத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள். மெல்பர்னில் புள்ளியியல் பட்டம் வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. இன்னும் யாரும் நிரந்தர வேலை தரவில்லை.

"எங்க தோட்டத்துப் பொண்ணு, கெட்டிக்காரி, அவளை நம்பிக் குடுக்கலாம்" என்று சங்கச் செயலாளர் மிஸ்டர் மூயிடம் சொல்லியிருந்தாள். மிஸ்டர் மூய் மெல்பர்னில் பிறந்தவர், அவருடைய அப்பாவும் இங்கேயே பிறந்தவர். நாற்காலி மேசைக் கடை வைத்திருந்தார். சீனம் தட்டுத்தடுமாறிப் பேசுவார். ஒரு எழுத்துக்கூடப் படிக்கத் தெரியாது.

ஜனவரியில் பலகைகளை எல்லாம் இறக்கித் தேயிலைப் பெட்டிகளில் அடுக்கினோம். சியூ லான் லீவு நாட்களில் வந்து பெயர்களைப் படித்தாள். நான் ஆங்கில எழுத்தில் அட்டைகளில் எழுதினேன். சுவருக்குப் பெயின்ட் அடித்து முடிந்ததும், மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நான் தனியாகவே எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினேன். குடும்பப் பெயரின் ஆங்கில அகரவரிசையில். முன்னால் எப்படி இருந்தது? சின் பக்கத்தில் வோங், வோங் பக்கத்தில் லீ, லீ பக்கத்தில் மறுபடியும் சின். குப்பைக்கூடை மாதிரி. நான்தான் ஒழுங்கு பண்ணினேன். யாரையும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. படித்தவள் அல்லவா.

கடைசித் தட்டில் ஒரே ஒரு இடம் காலியாக நின்றது. தட்டு அடித்த தச்சனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சீனர்கள் செத்தவர்களைக் கும்பிடும் நாள் ஏப்ரல் மாதம் வரும். அந்த வருஷம், 1977இல், மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடுவதாக இருந்தது. மிஸஸ் லாவ் வந்தது மார்ச் பதினைந்து. வெரிபீ பக்கம் காய்கறித் தோட்டம் போடுகிறவள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தாள். முன்கூட்டியே தூசு தட்டிவிட்டுப் போக வந்தாளாம்.

நான் டீக் கோப்பையை வழக்கமான கட்டையின்மேல் வைத்துவிட்டு அட்டைப் பெட்டியை இழுத்தேன். "பேர்?" என்றேன். சொன்னாள். மூன்று நொடி. "எல் வரிசை. ஆறாவது தட்டு, இருபத்திரண்டாவது" என்றேன். அரசாங்க ஆஸ்பத்திரியில்கூட இவ்வளவு வேகமாக ஆளைக் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை.

மேலே போனோம். சியூ லானும் அன்றைக்கு வந்திருந்தாள். மிஸஸ் லாவ் கூடத்தின் நடுவில் நின்று ஒரு தட்டைப் பார்த்தாள், அப்புறம் இன்னொன்றை. நான் காட்டிய பலகையை எடுத்து உற்றுப் பார்த்தாள். அவள் அப்பாதான். அதன் இடதுபுறம் பார்த்தாள், வலதுபுறம் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள், பூட்ஸ் காலை நீட்டி.

ஏதோ கேட்டாள். சியூ லான் என்னைப் பார்த்தாள்.

"என்னா கேக்குறா?"

"இவங்கள்லாம் யாருன்னு கேக்குறா. எங்கப்பா பக்கத்துல யாரோ தெரியாத ஆளுங்கள வெச்சிருக்கீங்க, அவர் பக்கத்துக்காரங்க எங்கன்னு கேக்குறா."

"எல்லாரும் இங்கதான் இருக்காங்கன்னு சொல்லு. ஒருத்தரும் தொலையலை."

"நாகு, நீ கொஞ்சம் வாயை மூடுலா."

தரையில் உட்கார்ந்தபடியே மிஸஸ் லாவ் சொன்னதைச் சியூ லான் துண்டுதுண்டாகத் தமிழில் சொன்னாள்.

இந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் இருந்தது. உன் ஆளுக்கு ஊதுபத்தி கொளுத்தினால் அதோடு போகக்கூடாது. அவனுக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஒன்று, அந்தப் பக்கம் இருப்பவனுக்கு ஒன்று. பக்கத்துக்காரனுக்குப் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று கேட்கக்கூடாது. வந்தவர்களில் பலர் கல்யாணமே ஆகாமல் செத்தவர்கள். இன்னும் பலரின் பெண்டாட்டி பிள்ளைகள் சீனாவில். இந்த நாட்டுச் சட்டம் அவர்களை உள்ளே விடவில்லை. யாருமில்லாதவன் என்று ஒருவன் இருக்கக்கூடாது என்பதற்காக முதலில் வந்தவர்கள் செய்த ஏற்பாடு. ஒவ்வொரு புதுப் பலகையையும் எங்கே வைப்பது என்று கூடிப் பேசித்தான் வைப்பார்களாம். இங்கே சொந்தம் உள்ளவன், யாருமற்ற ஒருவன், மறுபடி சொந்தம் உள்ளவன்.

நான் குப்பைக்கூடை என்று நினைத்தது அதைத்தான்.

லீ எல்லாம் ஒரு பக்கம், வோங் எல்லாம் ஒரு பக்கம் என்று நான் கூட்டிச் சேர்த்ததில், யாருமில்லாதவர்கள் பலர் யாருமில்லாதவர்கள் பக்கத்திலேயே போய் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பத்தி கொளுத்த ஆள் இருக்காது. பழைய இடம் எங்கேயும் எழுதிவைக்கப்படவில்லை. பத்தொன்பது நாள் இருந்தது.

மிஸஸ் லாவ் எழுந்து போய்விட்டாள். திட்டக்கூட இல்லை.

படிக்கட்டில் உட்கார்ந்து சியூ லானிடம் எரிந்து விழுந்தேன். வேறென்ன செய்வேன், எனக்குத் தெரிந்த முதல் வழி அது.

"நீதான படிச்சே. பேர் பேரா வாசிச்சியே. உனக்குத் தெரியாதா?"

"நான் ஹொக்கியன், இவங்க வேற ஊர்க்காரங்க. பேச்சு புரியும், வழக்கம் தெரியாது. உங்க மாரியம்மன் கோயில்ல பிராமணன் என்னா பண்றான்னு உனக்குத் தெரியுமா?"

"எங்களுக்கு இப்பிடி ஒரு சுவரு இருந்தாத்தானே தெரியும்" என்றேன்.

அது கோபத்தில் வாயில் வந்தது, ஆனால் உண்மை. என் அப்பாவின் தாத்தா சேலத்துப் பக்கமிருந்து கப்பலில் வந்தவர். அவரைப்பற்றி மிஞ்சியது தோட்டத்துக் கூலிகளின் பதிவேட்டில், செக்ரோலில், இருந்த ஒரு எண். அவரைப் புதைத்த இடத்தில் ஐந்து வருஷத்துக்கு முன்னால் டிராக்டர் ஓட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். லயத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. நான் ஸ்கூல் யூனிபாரத்தோடு தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் போய்க் கத்தினேன். அவர் சிரித்து, "தாத்தா பேரு என்னம்மா, எழுதிக்கிறேன்" என்றார். எனக்குப் பெயர் தெரியவில்லை. அன்றிலிருந்து தீராத கோபம் எனக்கு.

"உன் கோபம் தோட்டத்து மேலயா, எங்க மேலயா?" என்றாள் சியூ லான்.

"ரெண்டு பேர் மேலயும்."

"சரி. அதை அப்புறோம் வெச்சுக்கலாம். இப்ப மூய்கிட்ட யாரு சொல்றது? உனக்காக வாக்குக் குடுத்தது நான்."

நானே சொன்னேன். மழுப்பாமல், நின்றுகொண்டே. மிஸ்டர் மூய் பில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"அட்டையைப் பாத்து எவ்ளோ அழகா இருக்குன்னு நினைச்சேன்" என்றார் ஆங்கிலத்தில். "எனக்குத்தான் படிக்கத் தெரியாதே. எங்க தாத்தாவை நான் எழுத்தைப் பாத்தா கண்டுபிடிச்சேன்? ஜன்னலுக்குக் கீழ, நாலாவது தட்டு, குட்டையா ஒரு பலகைக்கும் மூலை உடைஞ்ச ஒண்ணுக்கும் நடுவுல."

எனக்குச் சட்டென்று பிடிபட்டது.

"மிஸ்டர் மூய், உங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியுது."

"எல்லாருக்கும் அவங்கவங்க ரெண்டு பக்கம் தெரியும், பொண்ணே. சின்ன வயசிலேருந்து பத்தி கொளுத்துறோமே."

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. யாருக்கும் முழுச் சுவர் தெரியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் மூன்று பலகை தெரியும். ஒருவனின் வலது இன்னொருவனின் இடது. புள்ளியியல்கூடத் தேவையில்லை, கோத்தால் போதும்.

கீழ்க் கூட்ட அறையில் சுவருக்குச் சுவர் துணிக்கொடி கட்டினேன். பெட்டிகளை மறுபடி இறக்கினோம். மிஸ்டர் மூய் கடையை மச்சானிடம் விட்டுவிட்டுத் தொலைபேசியில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று யாரிடமும் மறைக்கவில்லை. "நாங்க தப்புப் பண்ணிட்டோம், உங்க பக்கத்துக்காரங்க யாருன்னு சொல்லுங்க" என்பதுதான் அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னது. நாங்கள் என்றார். ஒருதடவைகூட அந்தப் பெண் என்று சொல்லவில்லை.

வந்தார்கள். பெண்டிகோ, பல்லாரட், வாங்கரட்டா என்று ரயிலேறி வந்தார்கள். சிட்னியிலிருந்து டிரங்க் கால் போட்டார்கள். டிம் சிம் கொழுக்கட்டைப் பொட்டலத்தோடு வந்து, எனக்கும் சியூ லானுக்கும் ஊட்டாத குறையாகக் கொடுத்துவிட்டு, பக்கத்துக்காரர்களின் பெயரைச் சொன்னார்கள். சியூ லான் பலகையைத் தேடி எடுப்பாள். நான் மூன்று அட்டைகளைக் கொடியில் கிளிப் போட்டு மாட்டுவேன்.

முதல் இரண்டு நாள் சங்கிலிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அடுத்தநாளே திரும்பி வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்ட மிஸஸ் லாவ், நான் மாட்டுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உனக்கு இடதா, அவங்களுக்கு இடதான்னு கேட்டியான்னு கேக்குறா" என்றாள் சியூ லான்.

"நமக்கு இடதுதானே?"

"அவங்கதான அங்க குடியிருக்காங்க, அவங்களுக்கு இடதுன்னு சொல்றா. படிச்ச பொண்ணு இதைக்கூடக் கேக்காதான்னு..."

"போதும், மொழிபெயர்த்தது."

பாதி அட்டைகளைக் கழற்றித் திருப்பி மாட்டினேன்.

வாங்கரட்டாவில் முப்பது வருஷம் காபிக்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். அவருக்குப் பெயர்கள் ஞாபகமில்லை. தன் பெரியப்பாவின் பெயர்கூடத் தடுமாறியது. வெட்கப்பட்டு நின்றார். "மேலே போய்ப் பாக்கலாமா?" என்றார். வெறும் தட்டுகள் முன்னால் நின்றார், கண்ணை மூடினார், வலது கையை மெல்லத் தூக்கினார். கை போய் ஒரு இடத்தில் நின்றது, காற்றில், விரலிடுக்கில் பத்தி இருப்பதுபோல. பிறகு ஒரு உள்ளங்கை அகலம் இந்தப் பக்கம். ஒரு உள்ளங்கை அகலம் அந்தப் பக்கம். அந்த மூன்று இடத்தையும் சாக்குக்கட்டியால் குறித்தேன். இரண்டு நாள் கழித்து வேறு ஒரு சங்கிலி வளர்ந்து வந்து சரியாக அந்த மூன்று கோட்டில் போய் உட்கார்ந்தது. நாலு வருஷம் புள்ளியியல் படித்தவள் நான். அப்படிப் பிசகாத ஒன்றை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

கோபப்படுவதற்கு நேரமில்லாமல் போயிற்று என்று சொல்லலாம். உண்மை அதுவல்ல. கொடிகளுக்கு நடுவே குனிந்து குனிந்து நடக்கும்போது எனக்குப் பிரமிப்புத்தான் வந்தது. படிக்காத கூலிகள். ஒரு காகிதம் இல்லாமல், ஒரு எண் இல்லாமல், செத்த ஆயிரம் பேரை அறுநூறு வீட்டுக்காரர்களின் கைப்பழக்கத்துக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நெருப்புப் பிடித்திருந்தாலும் இந்தச் சுவர் அழிந்திருக்காது. என்னால்கூட அழிக்க முடியவில்லை.

அந்த வாரம் அப்பாவுக்கு ஏர்லெட்டர் எழுதினேன். வழக்கமாக நலம், நலமறிய ஆவல் என்று நாலு வரி. இந்தமுறை ஒரே கேள்வி: உங்கள் தாத்தாவைப் புதைத்த இடத்துக்கு இந்தப் பக்கம் யார், அந்தப் பக்கம் யார்?

மார்ச் முப்பத்தொன்று, வியாழக்கிழமை. ஆயிரத்து நூற்று எழுபத்தாறு அட்டைகளும் இரண்டே சங்கிலிகளாகிவிட்டன. இரண்டும் சேர மறுத்தன. ஒன்றின் கடைசியில் மிஸஸ் லாவின் அப்பா. இன்னொன்றின் தொடக்கத்தில் சிட்னிக்காரர் ஒருவரின் மாமா. இருவருக்கும் நடுவே ஒரு ஆள் குறைந்தது. என்னிடம் அட்டை எதுவும் மிச்சமில்லை.

மிஸ்டர் மூய் சிட்னிக்குப் போன் போட்டார். கேட்டுக்கொண்டிருந்தவர் ரிசீவரைக் கையால் பொத்தினார். "எழுத்து இல்லாத ஆள்னு சொல்றான்."

மிஸஸ் லாவிடம் சியூ லான் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினாள் அவள். இதைத்தான் முதல் நாளே கேட்டேனே, எங்கப்பாவுக்கு அந்தப் பக்கம் இருந்த வெறும் பலகை எங்கே என்று, என்றாள்.

தங்கம் தோண்டிய காலத்தில், ரோட்டோரம் செத்துக் கிடந்த ஒருவனை இவர்கள் தூக்கி வந்தார்களாம். பெயர் தெரியாது. தங்கள் மாவட்டத்துக்காரனா, சீனன்தானா என்றுகூட நிச்சயமில்லை, முகம் அவ்வளவு சிதைந்திருந்ததாம். தூக்கியவர்கள் நாம், அதனால் நம் ஆள் என்று ஒரு பலகை செய்து வைத்தார்கள். தெரியாத பெயரை எழுதக்கூடாது என்று ஒன்றும் எழுதவில்லை.

கடைசித் தட்டில் காலியாக நின்ற இடம் நினைவுக்கு வந்தது. என் கால் தானாக அலுவலகத்துக்கு நடந்தது. மேசைமேல் கோப்பை. கோப்பைக்குக் கீழே கட்டை. ஜனவரியில் ஒரு பெட்டியின் அடியில் கிடந்தது. எழுத்தில்லாததால் உபரி என்று எடுத்து வைத்துக்கொண்டேன். இரண்டரை மாதமாக அதன்மேல்தான் என் டீ.

கழுவினேன். துடைத்தேன். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தேன். கோப்பை வைத்த வட்டம் கறுப்பாக மரத்துக்குள் இறங்கியிருந்தது, போகவே இல்லை.

"யாருக்கும் தெரிய வேணாம். திருப்பி வெச்சிடலாம்" என்றாள் சியூ லான்.

"பின்பக்கம் குழிவு இருக்கு. திருப்பினா நிக்காது."

"அப்ப நீ என்னாதான் பண்ணப் போறே?"

"இருக்கிறபடி வைக்கிறேன். கேட்டா சொல்றேன்."

சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பலகையை, அந்தப் பலகையை, அதன் இடத்தில் வைத்தேன். சுவரில் ஒரு காலி இடமும் மிஞ்சவில்லை. தச்சன் சரியாகத்தான் எண்ணியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூடம் நிறைந்தது. நான் கதவோரம் நின்றேன். சுவரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வந்தார்கள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நேரே தங்கள் இடத்துக்குப் போனார்கள், கை நீண்டது. நடுவில் ஒன்று. இந்தப் பக்கம் ஒன்று. அந்தப் பக்கம் ஒன்று. புகை தட்டுத் தட்டாக ஏறியது. ஒரு மணி நேரத்தில் பத்தி இல்லாத பலகை ஒன்றுகூட இல்லை. நான் ஒவ்வொன்றாக எண்ணினேன். அந்தப் பழக்கம் போகாது.

மிஸஸ் லாவ் அன்றைக்குப் புதுச் செருப்புப் போட்டிருந்தாள். அப்பாவுக்குக் கொளுத்தினாள். ஒரு பக்கம் கொளுத்தினாள். எழுத்தில்லாதவன் பக்கம் திரும்பியவள் நின்றுவிட்டாள். பலகையைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கட்டைவிரலால் வட்டத்தைத் தடவினாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். "நான்தான். டீக் கோப்பையை வெச்சேன். எனக்குத் தெரியாது, ஆனா வெச்சது நான்தான்" என்றேன். சியூ லான் என்னை முறைத்துவிட்டு அதைச் சீனத்தில் சொன்னாள்.

மிஸஸ் லாவ் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பலகையை அதன் இடத்தில் வைத்து, நேராக இருக்கிறதா என்று ஒரு விரலால் சரிசெய்தாள். பத்தியைச் செருகினாள். பிறகு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். சியூ லானுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னாடி சொன்னா?"

"நூறு வருஷமா நாங்க வருஷத்துக்கு ஒரு நாள்தான் இவனுக்கு டீ வெச்சோம். நீ ரெண்டரை மாசம், தெனமும் குடுத்திருக்கே. சக்கரை போட்டியான்னு கேக்குறா."

போட்டேன் என்றேன். மூன்று ஸ்பூன், தோட்டத்துப் பழக்கம். சியூ லான் அதைச் சீனத்தில் சொன்னபோது பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். மிஸஸ் லாவ் தன் கையிலிருந்த கட்டிலிருந்து ஒரு பத்தியை உருவி என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"இவனுக்கு ரெண்டு பக்கத்துக்காரங்களும் வெச்சாச்சு" என்றேன் சியூ லானிடம்.

"அதனால என்னா. நீயும் பக்கத்துலதான நிக்கிறே" என்றாள் அவள்.